பகடையைத் திட்டிக்கொண்டிருந்தபோது கணக்கைப் பறிகொடுத்தேன்

நான் இழந்தவற்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இணையத்தில் பேக்கமன் ஆடத் தொடங்கிய 7 மாதங்களில், இரவுக்கு இரண்டரை மணி நேரம் என்று குறைத்துக் கணக்கிட்டாலும் 500 மணி நேரத்துக்கு மேல் போயிற்று. அதில் பாதிக்கும் மேற்பட்டது ஆடி மகிழ்ந்த நேரமன்று. தோற்ற ஆத்திரத்தில் 'இன்னும் ஒரே ஓர் ஆட்டம்' என்று உட்கார்ந்திருந்த நேரம். பகடையை முன்கூட்டியே சொல்லும் என்று நம்பி வாங்கிய ஒரு போலி மென்பொருளுக்கு என் மாதச் சம்பளத்தில் கால் பங்கு போயிற்று. அதைத் தொடர்ந்து என் கணக்கே கைமாறி, 19 நாள்கள் என் பெயரில் யாரோ ஒருவர் ஆடினார். என் பெயரிலேயே பிறரைத் திட்டினார். இவ்வளவும் நடந்தபோது நான் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. விளையாட்டில் போயா ஏமாந்தாய் என்று கேட்டுவிடுவார்களோ என்ற கூச்சம்தான் காரணம். துரதிர்ஷ்டத்தால் மனம் புழுங்கும் நேரத்தில் எதிராளியோடு பேசுவது எங்கெல்லாம் கொண்டுபோய் விடும் என்று எவரேனும் முன்பே சொல்லியிருந்தால் இதில் பெரும்பகுதியைத் தவிர்த்திருப்பேன். அதனால்தான் நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

பேக்கமன் அறியாதவர்களுக்காகச் சில வரிகள். இருவர் ஆடும் ஆட்டம் இது. ஆளுக்கு 15 காய்கள், பலகையில் 24 கட்டங்கள், இரண்டு பகடைகள். தன் காய்களையெல்லாம் சுற்றிக் கொண்டுவந்து முதலில் வெளியேற்றுபவர் வெல்வார். ஒரு கட்டத்தில் தனியாக நிற்கும் காயை எதிராளி வெட்டலாம். வெட்டுப்பட்ட காய் நடுத்தடுப்பில் உட்கார்ந்து, மறுபடி முதலிலிருந்து நுழைய வேண்டும். இரண்டு பகடைகள் விழக்கூடிய விதங்கள் 36. எந்தக் காயை எங்கே நகர்த்துவது என்பது முழுக்க ஆடுபவரின் அறிவு. என்ன எண் விழும் என்பது எவர் கையிலும் இல்லை. அறிவும் தற்செயலும் இப்படிப் பின்னிக் கிடக்கும் எல்லா ஆட்டங்களுக்கும், சீட்டு, லூடோ, எழுத்துக்கட்டை ஆட்டம் எதுவானாலும், நான் சொல்லப்போவது பொருந்தும்.

முதல் இரண்டு மாதங்கள் நன்றாகவே போயின. ஆட்டம் தொடங்கும்போது எதிராளி 'ஜிஎல்' (குட் லக்) என்று வாழ்த்துவார், நானும் வாழ்த்துவேன். முடிந்ததும் 'ஜிஜி' (குட் கேம்) என்று இருவரும் விடைபெறுவோம். கொஞ்சம் ஆடத் தெரிந்துவிட்டது என்ற எண்ணம் வந்த பிறகுதான் தொல்லை ஆரம்பித்தது. தெரியாதவனாக இருந்தவரை தோல்விக்கு என்னையே காரணம் சொல்லிக்கொண்டேன். தெரிந்தவன் ஆனதும் பகடை காரணமாயிற்று. ஓர் இரவு, வென்றுவிடுவேன் என்று நம்பியிருந்த ஆட்டத்தில் என் தனிக்காயை எதிராளி வெட்டினார். 'பகடை உங்கள் சொந்தக்காரர் போலிருக்கிறது' என்று சாட் பெட்டியில் எழுதினேன். அவர் ஒரு புன்னகைக் குறியை மட்டும் அனுப்பினார். அந்தக் குறி எனக்கு ஏளனமாகத் தெரிந்தது. அடுத்த காயை நகர்த்துவதற்குப் பதில் அவருக்கு என்ன பதில் கொடுக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன், கடிகாரம் ஓடியது, கடைசி நொடியில் அவசரமாகக் கைக்கு வந்ததை நகர்த்தினேன், அதனாலேயே மீண்டும் வெட்டுப்பட்டேன். அதற்கும் பகடையைத்தான் திட்டினேன்.

அன்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய முதல் விஷயம், இந்த ஆட்டத்தில் வல்லவர் எத்தனை முறை தோற்பது இயல்பு என்பது. 1992-ல் தொடங்கிய ஃபிப்ஸ் என்ற முதல் இணையப் பேக்கமன் சேவையகம் ஆட்டக்காரர்களுக்குத் தரப்புள்ளி வழங்க ஒரு சூத்திரத்தை வைத்திருந்தது. தரப்புள்ளியில் 200 இடைவெளி உள்ள இருவர் ஒற்றைப் புள்ளி ஆட்டம் (ஒரே ஆட்டத்தில் முடிவது) ஆடினால், வல்லவர் வெல்வதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 56 விழுக்காடுதான் என்று அது கணக்கிடுகிறது. அதே இருவர் 9 புள்ளி வரை நீளும் போட்டி ஆடினால் அது சுமார் 67 விழுக்காடாக உயர்கிறது. சதுரங்கத்தின் ஈலோ தரப்புள்ளி முறையில் 200 புள்ளி கூடுதலாக உள்ளவர் சராசரியாக 76 விழுக்காடு புள்ளிகளைப் பெறுவார் என்பது எதிர்பார்ப்பு. இரண்டும் வெவ்வேறு அளவுகோல்கள். அப்படியே ஒப்பிட முடியாது. ஆனாலும் நான் என்னிலும் குறைந்த தரப்புள்ளி உள்ளவரிடம் பத்தில் நான்கு முறை தோற்றதை அநியாயம் என்று கொதித்துக்கொண்டிருந்தபோது, ஆட்டத்தின் கணிதம் எனக்கு ஒதுக்கியிருந்த பங்கே அவ்வளவுதான். இந்த ஒரு கணக்கு தெரிந்திருந்தால் பாதி இரவுகளில் நான் சாட் பெட்டியைத் தொட்டிருக்க மாட்டேன். நீங்கள் ஆடும் ஆட்டம் எதுவோ, அதில் நன்றாக ஆடுபவர் நூற்றுக்கு எத்தனை முறை தோற்பார் என்பதை முதலில் தேடித் தெரிந்துகொள்ளுங்கள். வேண்டுமானால் நீண்ட போட்டிகளைத் தேர்ந்தெடுங்கள். தற்செயலின் பங்கு அவற்றில் குறையும்.

நான்காம் மாதம் நடந்த சண்டையை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. போட்டியின் கடைசி ஆட்டம். என்னிடம் இரண்டே காய்கள். அடுத்த வீச்சில் எதுவும் தடுக்க முடியாதபடி இரண்டும் வெளியேறிவிடும். எதிராளியிடம் நான்கு காய்கள், நான்கும் ஒரே கடைசிக் கட்டத்தில். அவருக்கு இரட்டை, அதாவது இரண்டு பகடைகளிலும் ஒரே எண், விழுந்து நான்கு காய்களும் ஒன்றாக வெளியேறினால் மட்டுமே வெற்றி; அதற்கான வாய்ப்பு 36-ல் 6. பகடை உருண்டது. இரட்டை ஐந்து. நான்கு காய்களும் ஒரே மூச்சில் போயின. அடுத்த நொடியே சாட் பெட்டியில் 'மன்னிக்கவும்' என்று ஒரு சொல் வந்தது. எனக்கு ரத்தம் கொதித்தது. வென்றவர் மன்னிப்புக் கேட்பது என்னைக் குத்திக்காட்டுவதற்கே என்று நினைத்தேன். இங்கே எழுத முடியாத சொற்களை எழுதினேன். அவருக்கு ஆடத் தெரியாது, பகடைதான் அவரைச் சுமக்கிறது, இப்படி வெல்வதற்கு வெட்கப்பட வேண்டும் என்று வரிசையாக ஆறேழு செய்திகள். அவர் ஒரு வார்த்தையும் திருப்பிச் சொல்லாமல் வெளியேறினார். மறுநாள் என் சாட் வசதி இரண்டு வாரங்களுக்கு முடக்கப்பட்டிருந்தது.

பிற்பாடு பலரோடு ஆடிப் பழகிய பிறகுதான் புரிந்தது, அந்த 'மன்னிக்கவும்' ஒரு மரியாதை. அதிர்ஷ்டத்தால் வென்றேன், உங்கள் ஆட்டத்தில் குறையில்லை என்று ஒப்புக்கொள்ளும் வழக்கமான சொல். எதிரே உட்கார்ந்திருந்தால் அவர் முகத்திலேயே அது தெரிந்திருக்கும். எழுத்தில் முகமும் இல்லை, குரலும் இல்லை. நாமே ஒரு குரலைப் போட்டுப் படித்துக்கொள்கிறோம், அந்தக் குரல் அப்போது நம் மனம் இருக்கும் நிலையிலிருந்து வருகிறது. முகம் தெரியாத இடத்தில் மனிதர்கள் நேரில் சொல்லத் துணியாததைச் சொல்லிவிடுவதை ஜான் சூலர் என்ற உளவியலாளர் 2004-ல் விரிவாக எழுதினார். பெயர் தெரியாமை, ஒருவரையொருவர் காணாமை, பதில் உடனே கண்முன் நிகழாமை என்று அவர் காரணங்களை அடுக்குகிறார். என் ஆறேழு செய்திகளுக்கும் அந்த மூன்றுமே பொருந்துகின்றன. இதில் மொழியும் சேர்ந்துகொள்கிறது. எதிராளி தனக்குச் சரளமில்லாத மொழியில் இரண்டு சொற்களைத் தட்டிவிடுவார். பல தளங்களில் தயாராக வைத்திருக்கும் பொத்தானை அழுத்தியிருப்பார். அந்த இரண்டு சொற்களில் கேலியைத் தேடுவது வீண். பகடை பற்றிய எந்தச் செய்தியையும், புகழ்ச்சியோ புலம்பலோ, ஆட்டத்தின் நடுவே எழுதாமல் இருப்பதே நல்லது என்று இப்போது உறுதியாக நம்புகிறேன். 'உங்களுக்கு நல்ல அதிர்ஷ்டம்' என்று சாதாரணமாகச் சொன்னால்கூட, நீ தகுதியால் வெல்லவில்லை என்றுதான் அது மறுமுனையில் போய்ச் சேர்கிறது.

சாட் முடக்கம் முடிந்து நான் திரும்பியபோது திட்டுவதை நிறுத்தியிருந்தேன். ஆனால் புலம்புவதை நிறுத்தவில்லை. அதுதான் என்னைக் கவிழ்த்தது. ஒருநாள் தோற்றுக்கொண்டே 'இந்தத் தளத்தின் பகடையே சரியில்லை' என்று எழுதினேன். வழக்கமாக எதிராளிகள் இதற்குப் பதில் சொல்வதில்லை. இவர் சொன்னார். 'நீங்களும் கவனித்துவிட்டீர்களா? எனக்கும் ஒரு வருடமாக இதே அனுபவம்.' அந்த ஒரு வரியில் எனக்கு ஏற்பட்ட நிம்மதியை விவரிக்க முடியாது. இத்தனை மாதங்களில் முதன்முறையாக ஒருவர் என் வலியைப் புரிந்துகொண்டார் என்று தோன்றியது. அவர் என் ஆட்டத்தைப் பாராட்டினார். நான் தோற்ற ஆட்டங்களின் கதையைப் பொறுமையாகக் கேட்டார். இரண்டு நாள் கழித்து, இங்கே பேசுவதைத் தளத்தார் கண்காணிப்பார்கள், வேறு செயலிக்கு வாருங்கள் என்றார். போனேன். ஒரு வாரம் பகடையைத் தவிர வேறெதுவும் பேசவில்லை. பிறகுதான், அடுத்து விழப்போகும் எண்களைக் கணிக்கும் மென்பொருள் ஒன்று சிலரிடம் மட்டும் இருப்பதாகவும், எனக்காகக் கேட்டுப் பார்ப்பதாகவும் சொன்னார்.

இத்தனை வெளிப்படையான ஏமாற்றை நான் ஏன் நம்பினேன் என்று பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். அவர் எனக்கு எதையும் புதிதாக நம்பவைக்கவில்லை. நான் ஏற்கெனவே நம்பிக்கொண்டிருந்ததை ஆமோதித்தார், அவ்வளவுதான். பகடையில் சூழ்ச்சி இருக்கிறது என்று ஏற்றுக்கொண்டவனுக்கு, அந்தச் சூழ்ச்சியை உடைக்கும் கருவி இருக்கிறது என்பது அடுத்த படிதானே. ஐந்து நாள் இலவசமாகப் பயன்படுத்தக் கொடுத்தார். ஒவ்வொரு வீச்சுக்கும் முன்னால் அது ஏழெட்டு 'வாய்ப்புள்ள' எண்களைக் காட்டும். இரட்டையல்லாத எந்த ஜோடியும் 36-ல் 2 விதங்களில் விழும். அப்படி எட்டு ஜோடிகளைக் காட்டினால் 36-ல் 16, அதாவது கிட்டத்தட்ட பாதி நேரம் சரியாகவே இருக்கும். சரியாக வந்தவற்றை நான் வியந்து நினைவில் வைத்தேன், தவறியவற்றை மறந்தேன். ஒரு தாளில் கோடு போட்டு எண்ணியிருந்தால் அரை மணி நேரத்தில் குட்டு வெளிப்பட்டிருக்கும். பணத்தைப் பரிசு அட்டைக் குறியீடுகளாகக் கேட்டார். அதுவே பெரிய எச்சரிக்கை மணி: குறியீட்டைக் கொடுத்த கணமே அது ரொக்கத்தைக் கொடுத்ததற்குச் சமம், திரும்பப் பெறுவது ஏறக்குறைய நடவாத காரியம். முழுப் பதிப்பை இயக்க ஆட்டத் தளத்தின் வழியே உள்நுழைய வேண்டும் என்று ஓர் இணைப்பு அனுப்பினார். பக்கம் அச்சு அசலாக அதே பக்கம். முகவரியில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. நான் முகவரியைப் பார்க்கவில்லை.

இரவு பதினோரு மணிக்கு உள்நுழைந்தேன். காலையில் கணக்கு என்னுடையதாக இல்லை. மின்னஞ்சல் முகவரி, கடவுச்சொல் இரண்டும் மாற்றப்பட்டிருந்தன. நான் சேர்த்து வைத்திருந்த ஆட்ட நாணயங்கள் வேறு கணக்குகளோடு ஆடித் தோற்பதுபோல் காட்டி வடிகட்டப்பட்டன. அதைவிடக் கொடுமை, மின்னஞ்சலுக்கும் ஆட்டத் தளத்துக்கும் நான் ஒரே கடவுச்சொல்லை வைத்திருந்தேன். அன்று பகல் முழுவதும் கை நடுங்க மின்னஞ்சலைக் காப்பாற்றுவதிலேயே கழிந்தது. அந்த நபருக்கு எழுதிப் பார்த்தேன். என்னை பிளாக் செய்திருந்தார்.

இந்த நிலையில் சிக்கியவர்களுக்கு நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். முதல் வேலை மின்னஞ்சல். ஆட்டக் கணக்கு அதற்குப் பிறகு. மின்னஞ்சலின் கடவுச்சொல்லை மாற்றி, மற்ற எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறச் செய்து, இரட்டைச் சரிபார்ப்பை இயக்குங்கள். அதோடு நின்றுவிடாமல் அமைப்புகளுக்குள் போய், உங்கள் அஞ்சல்களை வேறு முகவரிக்குத் தானாக அனுப்பும் விதி ஏதேனும் போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். என்னுடையதில் இருந்தது, அதை இரண்டாம் நாள்தான் கண்டேன். அடுத்து, ஆட்டத் தளத்தின் உதவிப் பிரிவுக்கு எழுதும்போது ஆத்திரத்தை எழுதாதீர்கள், ஆதாரத்தை எழுதுங்கள். நான் முதலில் எழுதிய நீண்ட புலம்பல் கடிதத்துக்கு ஒரு வாரம் எந்தப் பயனும் இல்லை. இரண்டாவதாக, கணக்குத் தொடங்கிய நாள், பழைய மின்னஞ்சல் முகவரி, சந்தா செலுத்திய ரசீதின் எண், கடைசியாக நான் ஆடிய ஆட்டங்கள், கணக்கு போன நேரம் ஆகியவற்றை மட்டும் எழுதி, அந்த நபரோடு பேசிய சாட்டின் ஸ்கிரீன்ஷாட்டுகளை இணைத்தேன். அதன் பிறகே நடவடிக்கை தொடங்கியது. 19-ஆம் நாள் கணக்கு திரும்பியது. நாணயங்களும் மென்பொருளுக்குக் கொடுத்த பணமும் திரும்பவில்லை. என் பெயரில் திட்டு வாங்கியிருந்த மூன்று பேருக்கு விளக்கம் எழுதினேன். ஒருவர் நம்பினார்.

ஆட முடியாமல் இருந்த அந்த நாள்களில்தான் பகடையைப் பற்றி ஒழுங்காகப் படித்தேன். பகடை தளத்தின் சேவையகத்தில் உருள்கிறது. நம் திரைக்கு வருவது முடிவு மட்டுமே. நம் திரையைப் பார்க்கும் ஒரு மென்பொருளுக்கு இன்னும் உருளாத பகடை எப்படித் தெரியும்? சில ஆட்டத் தளங்கள் ஆட்டத்துக்கு முன்பே பகடை வரிசையின் மறைகுறியீட்டைக் காட்டிவிட்டு, முடிந்தபின் வரிசையையே வெளியிட்டுச் சரிபார்க்க விடுகின்றன. ஐயம் தீராதவர்கள் அப்படிப்பட்ட தளத்தைத் தேடலாம். எனக்கு அதைவிடப் பயன்பட்டது சாதாரணக் கணக்கு. எதிராளியின் வீட்டுப் பகுதியில், அதாவது வெட்டுப்பட்ட காய் நுழைய வேண்டிய ஆறு கட்டங்களில், ஐந்து அடைபட்டிருக்கும்போது என் காய் நுழைய முடியாமல் போகும் வாய்ப்பு 36-ல் 25. தொடர்ந்து மூன்று முறை நுழைய முடியாமல் போவது மூன்றில் ஒரு தடவை நடக்கும். அதைத்தான் நான் 'நடக்கவே முடியாத கொடுமை' என்று பலமுறை எழுதியிருந்தேன். இரட்டை ஆறு அடுத்தடுத்து இரண்டு முறை விழுவது 1,296-ல் ஒன்று. கேட்க அரிதாக இருக்கிறது. நானோ இரவுக்குப் பத்து ஆட்டம் ஆடினேன். எதிராளிகள் மட்டுமே இரவுக்கு ஏறத்தாழ 250 முறை வீசினார்கள். ஆக சராசரியாக ஐந்து இரவுக்கு ஒருமுறை அது என் எதிரில் விழும். அதிகம் ஆடுபவர் அதிக அரிதுகளைக் காண்பார். இதைப் போலவே, இவ்வளவு நேரம் கெட்டது விழுந்துவிட்டது, இனி நல்லது வந்தே தீரும் என்ற எண்ணமும் பொய். 1913 ஆகஸ்டு 18 அன்று மான்டி கார்லோ சூதாட்ட விடுதியில் ரௌலட் சக்கரத்தில் தொடர்ந்து 26 முறை கறுப்பே விழுந்தது. அடுத்தது சிவப்பாகத்தான் இருக்கும் என்று நம்பிப் பணம் வைத்தவர்கள் பெருந்தொகை இழந்தார்கள். சக்கரத்துக்கு நினைவு கிடையாது, பகடைக்கும் கிடையாது.

பிறகு என் பழைய ஆட்டங்களையெல்லாம் கோப்புகளாக இறக்கி, க்னூ பேக்கமன் என்ற இலவச மென்பொருளில் ஏற்றினேன். ஒவ்வொரு வீச்சிலும், விழுந்திருக்கக்கூடிய எல்லா எண்களின் சராசரியோடு ஒப்பிட்டால் விழுந்த எண் எவ்வளவு நல்லது என்று அது அளக்கிறது. நகர்த்தலில் நாம் செய்த பிழையைத் தனியே அளக்கிறது. அதிர்ஷ்டமும் திறமையும் தனித்தனிக் கணக்காகக் கண்முன் வந்து நிற்கின்றன. இந்த மென்பொருளையே சந்தேகிப்பவர்கள் கையால் பகடை உருட்டி எண்ணை உள்ளிட்டும் அதோடு ஆடலாம். நான் சாட்டில் பகடையைக் குறை கூறியிருந்த 23 போட்டிகளைத் தேடி எடுத்தேன். அவற்றில் 9 போட்டிகளில் மொத்த அதிர்ஷ்டம் என் பக்கமே இருந்தது. ஓர் ஆட்டத்தில் என் பகடைக்கு அது கொடுத்த தரம் 'லாஸ் வேகஸுக்குப் போ'. அந்த ஆட்டத்தில்தான் நான் எதிராளியிடம், என்னைப்போல் துரதிர்ஷ்டசாலி இந்தத் தளத்திலேயே இல்லை என்று எழுதியிருந்தேன். அன்றிரவு நெடுநேரம் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரட்டை ஐந்து விழுந்த அந்த ஆட்டத்தையும் திறந்தேன். அவருடைய கடைசி வீச்சு உண்மையிலேயே பெரிய அதிர்ஷ்டம்தான், அதில் மாற்றமில்லை. ஆனால் அதற்கு மூன்று முறை முன்னால் நான் இரண்டு காய்களை வெளியேற்றாமல் வீணாக உள்ளே நகர்த்தியிருந்தேன். அதைச் சரியாக ஆடியிருந்தால் அவருக்கு அந்தக் கடைசி வீச்சே கிடைத்திருக்காது. இன்னொன்றையும் அங்கே கண்டேன். வல்லவர்களுக்கு எப்போதும் நல்ல எண்ணே விழுகிறது என்று தோன்றுவதற்குக் காரணம், எந்த எண் விழுந்தாலும் பயன்படும்படி அவர்கள் காய்களை முன்னரே பரப்பி வைக்கிறார்கள். என் காய்களோ 36-ல் நான்கைந்து வீச்சுகள் மட்டுமே பயன்படும்படி முடங்கிக் கிடந்தன. எனக்கு 'கெட்ட எண்' விழவில்லை. பெரும்பாலான எண்களை நான்தான் கெட்ட எண்களாக ஆக்கி வைத்திருந்தேன். இதைத் தெரிந்துகொண்ட பிறகு என் ஆட்டம் மேம்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும்.

இப்போதும் தோற்கும்போது வலிக்கிறது. இழப்பு அதே அளவு ஆதாயத்தைவிட அதிகமாக உறைக்கும் என்று உளவியலாளர்கள் டானியல் கானமனும் அமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-லேயே எழுதிவிட்டார்கள். அது மனித இயல்பு, அதை ஒழிக்க நான் முயல்வதில்லை. வலிக்கும்போது கைகளுக்கு வேலை கொடுக்காமல் இருக்க மட்டும் பழகிக்கொண்டேன். ஆட்டம் தொடங்கும்போது வாழ்த்துச் சொல்லிவிட்டு சாட் பெட்டியை மூடிவிடுகிறேன். முடிந்த பிறகு நன்றி சொல்ல மட்டும் திறக்கிறேன். இரண்டு போட்டிகள் தொடர்ந்து தோற்றால் அன்று எழுந்துவிடுகிறேன். போக்கர் ஆடுபவர்கள் ஆத்திரத்தில் நிதானம் இழப்பதை 'டில்ட்' என்பார்கள். ஆட்டி அசைத்தால் முடங்கிவிடும் பின்பால் இயந்திரத்திலிருந்து வந்த சொல் அது. எனக்கு அதன் அடையாளம் காதில் சூடு ஏறுவதும், பகடை நிற்பதற்குள் விரல் அடுத்த பொத்தானைத் தேடுவதும். உங்களுக்கு வேறாக இருக்கலாம். எதுவென்று கவனித்து வைத்துக்கொள்ளுங்கள். புலம்பியே ஆக வேண்டும் என்று இருந்தால் ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஆட்டத்தின் எண்ணையும் வீச்சையும் எழுதுகிறேன். மறுநாள் மென்பொருளில் பார்க்கும்போது, எழுதியவற்றில் பாதி அடிபட்டுப் போகிறது.

என்னைத் திட்டுபவர்களும் உண்டு. நான் வெல்லும்போது என்னிடமும் அதே சொற்கள் வருகின்றன. பதில் எழுதுவதில்லை. மியூட் செய்துவிட்டு ஆட்டத்தை முடிக்கிறேன். நடுவில் வெளியேறினால் தோல்வியாகக் கணக்கிடும் தளங்களே அதிகம், அது திட்டியவருக்கு நாமே கொடுக்கும் பரிசு. மிரட்டலோ, இழிவான பேச்சோ, குடும்பத்தைப் பற்றிய சொல்லோ வந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, ஆட்டம் முடிந்ததும் ரிப்போர்ட் செய்து பிளாக் செய்கிறேன். எதிராளி தாமதித்தால் வேண்டுமென்றே இழுக்கிறார் என்று முடிவுகட்டுவதில்லை. இணைப்பு அறுபட்டிருக்கலாம், அதற்குத்தான் கடிகாரம் இருக்கிறது. ஆனால் திட்டுபவரைவிட நான் இப்போது அதிகம் அஞ்சுவது, முன்பின் தெரியாமல் என் துரதிர்ஷ்டத்துக்கு வருந்துபவரை. நல்ல மனிதர்களும் ஆறுதல் சொல்வார்கள். அவர்கள் 'அடுத்த முறை பார்க்கலாம்' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். வேறு செயலிக்கு அழைப்பவர், இணைப்பு அனுப்புபவர், இலவச நாணயமோ ரகசியக் கருவியோ பேசுபவர், உங்கள் கோபத்துக்கு மேலும் விறகு போடுபவர், இவர்களில் ஒருவருக்கும் பதில் வேண்டாம்.

கணக்கு திரும்பிய வாரத்திலேயே, இரட்டை ஐந்து போட்டவருக்கு மன்னிப்புக் கேட்டு நான்கு வரி எழுதினேன். காரணம் எதுவும் சொல்லவில்லை; தவறு என்னுடையது என்று மட்டும் எழுதினேன். பதில் வரவில்லை. போன மாதம் ஒரு போட்டியின் இரண்டாம் சுற்றில் அதே பெயர் எனக்கு எதிரே வந்தது. வாழ்த்து எழுத சாட் பெட்டியைத் திறந்தேன். அவர் என் செய்திகளைத் தடுத்து வைத்திருப்பதாகத் திரையில் ஒரு வரி தெரிந்தது. மூடிவிட்டு ஆடினேன். 7 புள்ளிப் போட்டி, 6-க்கு 6 வரை போய், கடைசி ஆட்டத்தில் 36-ல் 11 வாய்ப்புள்ள ஒரு வெட்டை அவர் வெட்டி வென்றார். மறுநாள் மென்பொருளில் போட்டுப் பார்த்தேன். அந்தக் காயை நான் அங்கே தனியாக வைத்தது சரியான நகர்த்தல்தான்.